கடலுக்குப் போகும் தண்ணீர்
பொன்னேரி முதல் லைட்ஹவுஸ் குப்பம் வரை ஒரு நாள் பஸ் பிரயாணம்

குடியானவர் ஒவ்வொருவரும் தம் நிலத்தை அறிவார். நிலத்திற்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்காலையும் அறிவார். ஆனால் அவ்வாய்க்காலுக்குத் தாயான ஆறு எங்கே சென்று முடிகிறது என்பதை நேரில் சென்று பார்த்தவர்கள் மிகச் சிலரே. வடிகாலைத் தாண்டிய தண்ணீரைக் குறித்து, "கடலுக்கு வீணாய்ப் போயிற்று" என்று சொல்லி அத்துடன் விட்டுவிடுவதே பெரும்பாலோர் வழக்கம். அது உண்மையில் வீண்தானா என்பதைக் கண்டறியும் பொருட்டு, ஆரணியாற்றுப் பாசனத்தைச் சேர்ந்த சில கிராமங்களின் குடியானவர்கள், சம்பா அறுவடை முடிந்த தை மாதத்தில் ஒரு நாள், பஸ் ஒன்றை அமர்த்திக்கொண்டு பழவேற்காட்டுக் கரைக்குச் சென்று வந்தனர். பஞ்சாயத்துத் தலைவர் ஒருவரும் கிராம நிர்வாக அலுவலர் இருவரும் உடன் சென்றனர். அவர்கள் கண்டவையும் பேசிக்கொண்டவையும் மற்றக் கிராமத்தாருக்கும் பயன்படுமாதலால் இங்கே தொகுத்துத் தரப்படுகின்றன.

பாட்டிலில் வந்த கிணறுகள்

பிரயாணத்திற்கு முன்பே ஓர் ஏற்பாடு செய்யப்பட்டிருந்தது. ஒவ்வொருவரும் தத்தம் கிணற்றுத் தண்ணீரில் ஒரு பாட்டில் கொண்டுவர வேண்டும். பாட்டிலின் மேல் கிராமத்தின் பெயர், சர்வே நம்பர், கிணற்றின் ஆழம், தண்ணீர் எடுத்த தேதி ஆகியவற்றை எழுதி ஒட்டியிருக்க வேண்டும். "கட்டுச்சோறு போதாதென்று கிணற்றையும் கட்டிக்கொண்டு போகிறோமா?" என்று சிலர் நகைத்தனர். எனினும் காலை ஆறு மணிக்குப் பஸ் பொன்னேரியை விட்டுப் புறப்பட்டபோது ஏறக்குறைய எல்லோர் கையிலும் பாட்டில் இருந்தது.

முதலில் ஆரணியாற்றுப் பாலத்தின் அருகே பஸ் நிறுத்தப்பட்டது. ஆந்திர தேசத்துச் சித்தூர்ப் பக்கத்து மலைகளில் பிறக்கும் இவ்வாறு, பிச்சாட்டூர் நீர்த்தேக்கத்தில் தங்கி, ஊத்துக்கோட்டை, பெரியபாளையம் வழியாகப் பொன்னேரியை அடைந்து, பழவேற்காட்டு ஏரியில் கலக்கிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கரை புரண்டு ஓடும். மற்ற மாதங்களில் மணலே கண்ணுக்குத் தெரியும். லட்சுமிபுரம் அணைக்கட்டும், பிற்காலத்தில் கட்டப்பட்ட தடுப்பணைகளும் வெள்ளத்தில் ஒரு பகுதியை நிறுத்தி நிலத்தடியில் இறங்கச் செய்கின்றன. தடுப்பணைக்கு அருகிலுள்ள கிணறுகளில் தண்ணீர் மட்டம் உயர்ந்ததையும் உப்பு குறைந்ததையும் அவ்வூரார் அறிவர்.

பொன்னேரியிலிருந்து பழவேற்காடு சுமார் 20 கிலோமீட்டர். வழியில் நெல் அறுத்த தாள் வயல்கள். கிழக்கே செல்லச் செல்லப் பனைமரங்கள் மிகுந்து, மண்ணின் நிறம் வெளுக்கிறது. சோழர் காலத்துச் சிவாலயம் உள்ள திருப்பாலைவனத்தில் தேநீருக்காகப் பஸ் நின்றது. அங்கே மர நிழலில் பாட்டில்கள் யாவும் வரிசையாக வைக்கப்பட்டு, கையடக்கமான மின்கடத்துதிறன் மானியால் ஒவ்வொன்றாகப் பரிசோதிக்கப்பட்டன. தண்ணீரில் கரைந்துள்ள உப்பு மிகுந்தால் மானி காட்டும் எண்ணும் மிகும். மீட்டருக்கு 0.75 டெசிசீமனுக்குள் இருந்தால் பெரும்பாலான பயிர்களுக்குத் தடையில்லை, 0.75 முதல் 2.25 வரை இருந்தால் நல்ல வடிகாலும் தக்க பயிரும் வேண்டும், 2.25க்கு மேற்பட்டால் சாதாரணப் பயிர்களுக்கு ஆகாது. கடல் நீர் ஏறக்குறைய 50 காட்டும்.

மேற்குக் கிராமங்களின் பாட்டில்கள் நல்லவையாகவே இருந்தன. கிழக்கே வர வர எண் ஏறிற்று. யாவற்றிலும் அதிகமாகக் காட்டியது ஒரு முதிய குடியானவர் கொண்டுவந்த பாட்டில். அவர் தம் ஆழ்துளைக் கிணற்றை முந்திய வருஷந்தான் மேலும் ஆழப்படுத்தியிருந்தார். "ஆறு மாதம் கற்கண்டுபோல் இருந்தது, அதற்குப் பிறகு நாற்றங்காலில் இலை நுனி கருகத் தொடங்கிற்று. இன்னும் அறுபது அடி இறக்கினால் நல்ல தண்ணீர் கிடைக்கும் என்று துளை போடுகிறவர் சொல்கிறார், பணமும் கடன் வாங்க ஏற்பாடாகிவிட்டது" என்றார் அவர். பக்கத்து நிலத்துக்காரர், "மாமா, ஊர் திரும்பும்வரை அந்த யோசனையைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்" என்றார்.

பழவேற்காடு

பழவேற்காட்டு ஏரி, ஒடிஸாவிலுள்ள சில்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவில் மிகப் பெரிய உவர்நீர் ஏரியாகும். வடக்கு தெற்காகச் சுமார் 60 கிலோமீட்டர் நீளமுள்ளது. பெரும்பகுதி ஆந்திர ராஜ்யத்தையும், தென் பகுதி திருவள்ளூர் ஜில்லாவையும் சேர்ந்தது. ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே ஸ்ரீஹரிகோட்டாத் தீவு நீண்டு கிடக்கிறது. வடக்கே சுவர்ணமுகியும், நடுவே காளங்கியும், தெற்கே ஆரணியாறும் நன்னீரைக் கொண்டுவருகின்றன. முகத்துவாரங்களின் வழியே கடல் உப்புநீரைத் தருகிறது. இவ்விரண்டும் கலந்த ஏரியின் சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவேயாகும். ஆகையால் மழைக்காலத்தில் ஏறக்குறைய நன்னீராகவும், கடுங்கோடையில் சிற்சில இடங்களில் கடலினும் உப்பாகவும் இதன் நீர் மாறுகிறது. தை மாதத்தில் ஆழமற்ற பகுதிகளில் பூநாரைகள் கூட்டங்கூட்டமாக மேய்வதைக் கரையிலிருந்தே காணலாம். தமிழ்நாட்டுப் பகுதி 1980-ம் வருஷம் பறவைகள் சரணாலயமாக்கப்பட்டது.

பழவேற்காட்டு ஊர் ஒரு காலத்தில் பெருந்துறைமுகம். ஒல்லாந்தர் 1613-ம் வருஷம் இங்கே கெல்டிரியா என்னும் கோட்டையைக் கட்டி, 1690 வரையில் சோழமண்டலக் கரையில் தங்கள் தலைமை ஸ்தானமாக வைத்திருந்தனர். இங்கிருந்து சென்ற துணிகள் அயல் நாடுகளில் 'புலிகாட்' என்றே பெயர் பெற்றன. 1825-ல் ஊர் ஆங்கிலேயர் வசமாயிற்று. கோட்டை அழிந்துவிட்டது, ஒல்லாந்தர் கல்லறைத் தோட்டம் மட்டும் தொல்பொருள் இலாகாவின் பாதுகாப்பில் இருக்கிறது.

ஒல்லாந்தரைப் பற்றிய பேச்சு, பிரயாணத்தின் முக்கிய விஷயத்திற்கே கொண்டுவந்து விட்டது. ஒல்லாந்து தேசத்தில் நிலத்தின் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு கடல் மட்டத்திற்குத் தாழ்ந்தது. ஆகவே கரையோரத்து நல்ல தண்ணீரைக் காப்பது அவர்களுக்கு உயிர்ப் பிரச்சினை. அத்தேசத்துப் பொறியாளர் கைபன் என்பவர் 1880-களின் இறுதியிலும், ஜெர்மானியராகிய ஹெர்ஸ்பெர்க் என்பவர் 1901-லும், தனித்தனியே ஒரே உண்மையைக் கண்டு வெளியிட்டனர். கடல் நீர் நன்னீரைவிடச் சிறிது கனமானது. நன்னீர் 1,000 பங்கு எடை இருந்தால் அதே அளவு கடல் நீர் சுமார் 1,025 பங்கு இருக்கும். ஆதலால் கரையோர மணலில் நன்னீர் உப்புநீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்திற்கு மேல் ஓர் அடி உயரம் நன்னீர் நின்றால், கடல் மட்டத்திற்குக் கீழே ஏறக்குறைய 40 அடி ஆழம் வரை நன்னீர் இருக்கும். பம்பு வைத்து இறைத்து மேல்மட்டத்தை ஓர் அடி தாழ்த்தினால், கீழேயிருக்கும் உப்புநீர் நாளடைவில் 40 அடி மேலேறும். நடுவே களிமண் படுகைகள் இருந்தால் இக்கணக்கு சற்று மாறும். உப்பு வருவதும் தாமதப்படும். ஆயினும் நியாயம் ஒன்றே.

இதைக் கேட்டதும் முதியவர் தம் பாட்டிலை எடுத்துப் பார்த்துவிட்டு மௌனமானார்.

லைட்ஹவுஸ் குப்பம்

முன்னாட்களில் பழவேற்காட்டிலிருந்து கடலோரக் குப்பங்களுக்குப் படகிலேயே செல்ல வேண்டும். இப்பொழுது ஏரியின் குறுக்கே பாலம் இருப்பதால் லைட்ஹவுஸ் குப்பத்தை எளிதில் அடையலாம். ஒரு புறம் ஏரி, மறு புறம் கடல், நடுவே ஒடுங்கிய மணல் திட்டு. அதன்மேல் மீனவர் வீடுகளும் சவுக்குத் தோப்புகளும். ஊருக்குப் பெயர் தந்த கலங்கரை விளக்கம் முதலில் 1859-ல் ஏற்பட்டது. இன்று நிற்கும் கோபுரம் பிற்காலத்தது.

குப்பத்துப் பெரியவர் ஒருவர் வந்தவர்களை வரவேற்று, தோப்பின் ஓரத்தில் மணல்மேட்டுக்கு அழைத்துச் சென்றார். அங்கே கையால் தோண்டிய ஆழமற்ற ஊற்றுக்குழி ஒன்று இருந்தது. அலையோசை கேட்கும் தூரத்திலிருந்த அக்குழியின் தண்ணீரை மானியால் அளந்தபோது, அது முதியவரின் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைவிட நல்லதாக இருந்தது கண்டு யாவரும் வியப்படைந்தனர். மழை மணலில் இறங்கி உப்புநீரின் மேல் மெல்லிய படலமாக மிதப்பதே இதற்குக் காரணம். "குடத்துக்கு வேண்டியதை மட்டும் மொண்டால் ஊற்று நிற்கும், அவசரப்பட்டு ஆழத் தோண்டினால் கடல் வந்துவிடும் என்று எங்கள் பாட்டிமார் சொல்வார்கள்" என்றார் பெரியவர். கைபனும் ஹெர்ஸ்பெர்க்கும் கணக்கிட்டுக் கண்டதைக் குப்பத்துப் பெண்கள் குடத்தினால் அறிந்திருந்தனர்.

பின்னர் எல்லோரும் மணல் வழியே முகத்துவாரம் தெரியும் இடத்திற்குச் சென்றனர். மேற்கேயிருந்து வந்த மிராசுதார் ஒருவர், "இந்த வழியாகத்தானே எங்கள் ஆற்றுத் தண்ணீர் வருஷா வருஷம் வீணாகப் போகிறது?" என்று கேட்டார்.

குப்பத்துப் பெரியவர் சொன்னதாவது: "ஐயா, உங்களுக்கு அது வீண், எங்களுக்கு அதுவே விதைப்பு. அலையும் காற்றும் மணலைக் கொண்டுவந்து முகத்துவாரத்தை அடைத்துக்கொண்டே இருக்கும். ஆற்று வெள்ளம் வேகமாக வந்தால்தான் அந்த மணலை அறுத்துக்கொண்டு போகும். இறால் கடலில் முட்டையிடும். குஞ்சு ஏரிக்குள் வந்து வளரும். வளர்ந்தபின் கடலுக்குத் திரும்பும். வாசல் அடைத்தால் குஞ்சு உள்ளே வராது. மடவையும் நண்டும் குறையும். வெள்ளம் இல்லாத வருஷங்களில் நாங்களே மண்வெட்டி எடுத்து வாசலை வெட்டியிருக்கிறோம்."

முகத்துவாரத்தை நிலையாகத் திறந்துவைப்பதற்குக் கற்சுவர் அமைக்கும் திட்டத்தை அரசாங்கம் மேற்கொண்டது. எனினும் ஆற்று வெள்ளம் செய்யும் வேலை முழுவதையும் கற்சுவர் செய்துவிடாது.

பாடும் முறைப்பாசனமும்

குடியானவர்களை மிகவும் கவர்ந்தது ஏரியில் வழங்கும் 'பாடு' முறையாகும். இறால் மிகுதியாகக் கிடைக்கும் இடங்களில் யார் எப்பொழுது வலை கட்டலாம் என்பதைத் தனி மனிதர் தம் இஷ்டப்படி தீர்மானிப்பதில்லை. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்கள் இம்முறையில் நெடுங்கால உரிமை பெற்றவை. சீட்டுப் போட்டு இடம் ஒதுக்கி, முறை வைத்து மாற்றிக்கொள்கின்றனர். நல்ல இடம் இன்று ஒருவருக்கு, நாளை மற்றொருவருக்கு. உரிமை பெறாத ஊர்களுக்கு இதில் மனக்குறையும் உண்டு, வழக்குகளும் எழுந்ததுண்டு. ஆனால் எல்லோரும் ஒரே சமயத்தில் ஒரே இடத்தில் வலை கட்டி ஏரியை வறுமையாக்கும் கேடு இதனால் தடுக்கப்பட்டு வந்திருக்கிறது.

பஞ்சாயத்துத் தலைவர் இதைக் கேட்டு, "வாய்க்கால் தண்ணீருக்கு நமக்கும் முறை உண்டு, நீர்க்கட்டி உண்டு. பூமிக்குள் இருக்கும் தண்ணீருக்குத்தான் முறையும் இல்லை, காவலும் இல்லை. நாற்பது மோட்டார்கள் ஒரே இரவில் ஓடுகின்றன" என்றார். அன்றைய தினம் பேசப்பட்டவற்றுள் இதுவே மிக முக்கியமானது எனலாம்.

முறையில்லாமையின் விளைவு இத்தாலுக்காவிலேயே பிரத்தியட்சமாக இருக்கிறது. மீஞ்சூர்ப் பக்கத்தில் கடல் நீர் நிலத்தடியில் புகுந்தது 1969-ல் உணரப்பட்டது. 1983-க்குள் அது கரையிலிருந்து சுமார் 9 கிலோமீட்டர் வரை வந்துவிட்டது. 2000-க்குப் பின் செய்த ஆராய்ச்சிகள் 13 கிலோமீட்டருக்கு மேலும் அது பரவியிருப்பதைக் காட்டின. சென்னை நகரத்தின் குடிநீருக்காகவும் தொழிற்சாலைகளுக்காகவும் இறைத்தது இதற்குப் பெருங்காரணம்; விவசாயப் பம்புகளின் பங்கும் இல்லையெனச் சொல்ல இயலாது. 2010-ல் மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில் தினம் 10 கோடி லிட்டர் தரும் திறனுடன் கடல் நீரைக் குடிநீராக்கும் நிலையம் ஏற்பட்டது. நகரத்திற்கு அவ்வழி உண்டு. ஏக்கருக்கு முப்பது மூட்டை நெல் காணும் குடியானவருக்கு அது கட்டுப்படியாகாது.

புகுந்த உப்பை வெளியேற்றுவது எவ்வளவு கடினம் என்பதற்கு அயல் நாட்டு உதாரணமும் உண்டு. ஸ்பெயின் தேசத்தில் மத்தியதரைக் கடற்கரையிலுள்ள பார்சிலோனா நகரின் அருகே, லோப்ரெகாத் ஆற்றுக் கழிமுகத்தில் இதே விதமாகக் கடல் நீர் புகுந்தது. அங்கே 2007 முதல், சுத்திகரித்த கழிவுநீரைக் கரையோரக் கிணறுகளின் வழியே பூமிக்குள் செலுத்தி நன்னீர்ச் சுவர் எழுப்ப முயன்றனர். பயன் தெரிந்தது, ஆனால் செலவு பெரிது. ஆறும் ஏரிகளும் செலவின்றிச் செய்துவந்த காரியத்தையே அங்கே பணம் கொட்டிச் செய்ய வேண்டியதாயிற்று.

திரும்பும் வழியில்

மாலையில் பஸ் திரும்பியபோது மிராசுதாருக்கும் மற்றவர்களுக்கும் நல்ல வாதம் நடந்தது. வெள்ளம் முழுவதையும் கடலுக்கு விட்டுவிடச் சொல்வதா என்று அவர் கேட்டார். அதுவன்று. ஏரி குளங்களைத் தூர்வாரி நிரப்புவதும், தடுப்பணையில் தண்ணீரை நிறுத்திப் பூமியில் இறக்குவதும் அவசியமே. நிலத்தடியில் நின்று கடலைத் தள்ளுவது அத்தண்ணீர்தான். அவை நிரம்பியபின் ஓடும் பெருவெள்ளம் ஏரியின் வாசலைத் திறக்கிறது. இரண்டு வேலைக்கும் வேண்டியது ஒரே ஆறு. இவ்விரண்டில் எதுவும் வீண் அல்ல. பூமியிலிருந்து தேவைக்கு மேல் இறைத்து, வயலில் தேக்கி, வெயிலில் ஆவியாக விடுவதே வீண்.

முதியவர் கடைசி இருக்கையிலிருந்து, "அறுபது அடி இறக்குவதற்கு வாங்க இருந்த கடன் வேண்டாம். பாழாய்க் கிடக்கும் என் பண்ணைக்குட்டையை வெட்டிச் சரிப்படுத்துகிறேன். ஆடியில் இதே பாட்டிலில் தண்ணீர் கொண்டுவருகிறேன், அளந்து சொல்லுங்கள்" என்றார்.

கவனிக்க வேண்டியவை

1. கிணற்றுத் தண்ணீரை வருஷத்திற்கு இரு முறை, தையிலும் ஆடியிலும், பரிசோதிக்க வேண்டும். மோட்டாரைப் பத்து நிமிஷம் ஓடவிட்டு, அதே தண்ணீரால் பாட்டிலை மும்முறை கழுவிப் பின் நிரப்பி, மண் பரிசோதனை நிலையத்திற்கு அனுப்ப வேண்டும். எண்களை ஒரு நோட்டில் வரிசையாகக் குறித்துவருவது மிக அவசியம்.

2. உப்பு ஏறும் கிணற்றை ஆழப்படுத்தலாகாது. நீண்ட நேரம் தொடர்ந்து இறைப்பதைவிட, இடைவெளி விட்டுச் சிறிது சிறிதாக இறைப்பது நல்லது. ஒரே பகுதியில் உள்ளவர்கள் முறை வைத்துக்கொள்ளலாம்.

3. நெற்பயிர் நாற்றுப் பருவத்திலும் பூக்கும் பருவத்திலும் உப்பை மிகக் குறைவாகவே தாங்கும். அப்பருவங்களுக்கு மழை நீரும் ஏரி நீரும் கிடைக்கும்படி விதைப்பை அமைத்துக்கொள்ள வேண்டும். கோ 43, திருச்சி 1 முதலிய ரகங்கள் உப்பை ஓரளவு தாங்கும்.

4. தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும் தருணத்தில் மடக்கி உழுவதால் மண் இளகி, மழையில் உப்புக் கரைந்து வடிய ஏதுவாகும். ஜிப்சம் களர் நிலத்திற்கு உரியது. வெறும் உவர் நிலத்தில் அதை இடுவது பணநஷ்டமே. மண்ணைப் பரிசோதித்த பிறகே இட வேண்டும்.

5. கரையோர மணல் நிலத்திற்குச் சவுக்கு ஏற்றது. அதன் வேர் முடிச்சுகள் காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்க்கின்றன. 2004-ம் வருஷம் டிசம்பர் 26-ல் வந்த ஆழிப்பேரலைக்குப் பின் கடலூர்ப் பகுதியில் ஆராய்ந்தவர்கள், அலையாத்தியும் சவுக்கும் இருந்த இடங்களில் சேதம் குறைந்திருந்ததைக் கண்டனர்.

6. விளைநிலத்தை இறால் குட்டையாக்கக் கேட்டு வருவோரிடம் அவசரப்பட்டு ஒப்பந்தம் செய்யலாகாது. 1996-ல் சுப்ரீம் கோர்ட்டு தந்த தீர்ப்பும், 2005-ல் இயற்றப்பட்ட கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டமும் இதைக் கட்டுப்படுத்துகின்றன. ஒரு குட்டையின் உப்பு அடுத்த நிலத்தையும் கெடுக்கும்.

7. சென்னைப் பெருநகர் நிலத்தடி நீர்ச் சட்டம் 1987-ல் ஏற்பட்டது. தம் கிராமம் அதன் அட்டவணையில் உள்ளதா என்பதைக் கிராம அதிகாரிகள் அறிந்து, புதுக் கிணறு தோண்டுவோருக்கு முன்கூட்டியே எடுத்துச் சொல்ல வேண்டும்.

8. இத்தகைய பிரயாணத்தைத் தை, மாசி மாதங்களில் வைத்துக்கொள்வது உத்தமம். பெரிய பஸ்ஸிற்குப் பொன்னேரி வழியே வசதியானது. காட்டுப்பள்ளியிலிருந்து கடலோரமாக வரும் பாதை மணலாலும் அலையாலும் அடிக்கடி பழுதாவது. குப்பத்துப் பஞ்சாயத்தாருக்கு முன்னரே தெரிவித்துவிட்டுச் செல்வது மரியாதை. பாட்டில்களை மறக்கலாகாது.

ஆற்றின் தலைப்பில் இருப்பவரும் கடைமடையில் இருப்பவரும் தண்ணீருக்காக வழக்காடுவதைக் கிராம அதிகாரிகள் அறிவர். கடைமடைக்கும் அப்பால் ஒரு மடை இருக்கிறது. அதுவே பழவேற்காட்டு முகத்துவாரம். அதை ஒரு முறை நேரில் கண்டவர்கள் மோட்டார் பொத்தானை அழுத்துமுன் சற்றே யோசிப்பார்கள் என்பது நிச்சயம்.